திருநர் குழந்தைகளின் பெற்றோருக்காகப் பேச முன்வரும் நடிகருக்கு ஒரு செயல்முறைக் கையேடு

ஒரு பெற்றோர் சங்கம் ஆண்டுக்கணக்கில் பேசியும் எட்டாத வீடுகளுக்கு ஒரு நடிகரின் இரண்டு நிமிடப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். திருநர் குழந்தைகளை, அதாவது பிறந்தபோது பதிவான பாலினத்திலிருந்து வேறான பாலின அடையாளம் கொண்ட குழந்தைகளை, வளர்க்கும் பெற்றோர் தெரிந்த முகங்களைத் தேடுவதும் அதனால்தான், அவர்களைக் கண்டு பயப்படுவதும் அதனால்தான். நடிகர்மேல் விழும் வெளிச்சம் பக்கத்தில் நிற்கும் பிள்ளைமேலும் விழும். நடிகர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பிள்ளையோ மறுநாள் காலை அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போயாக வேண்டும்.

ஆகவே இதில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெற்றோரின் குரலைப் பெரிதாக்குங்கள், பிள்ளையின் கதையைப் பிள்ளையின் கையிலேயே விட்டுவிடுங்கள். சொல்ல எளிது. நடைமுறையில் எங்கெங்கே சறுக்கும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

முதல் மூன்று மாதம்: காது மட்டும்

அறிக்கை, பதிவு, பேட்டி எதுவும் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். அந்த நேரத்தில் பெற்றோர் ஆதரவுக் கூட்டங்களில் குறைந்தது ஐந்தாறு முறை உட்கார்ந்து கேளுங்கள். போகும் முறையும் முக்கியம். நீங்கள் வருவதை அமைப்பாளர் முன்கூட்டியே சொல்லி, வரப்போகும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். ஒருவர் தயங்கினாலும் அன்றைக்குப் போகாதீர்கள். தயங்கியவர் யார் என்றும் கேட்காதீர்கள். போனால் தனியாகப் போங்கள். மேனேஜர், உதவியாளர், கேமரா எதுவும் வேண்டாம். போனை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். செல்ஃபி கேட்டால் அன்போடு மறுத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த அறையில் எடுத்த ஒரு படம் போதும், பின்னணியில் நிற்பவர் யாருடைய பெற்றோர் என்று உறவினர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேட்கும்போது ஒன்று புரியும். அந்தப் பெற்றோர் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. தான் திருநர் என்று பிள்ளை சொல்லி இரண்டு வாரமே ஆனவர்கள் 'நாங்கள் என்ன தப்பு செய்தோம்' என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஓராண்டு கடந்தவர்கள் பள்ளிப் பதிவேட்டில் பெயர், கழிப்பறை, விளையாட்டு வகுப்பு என்று நாளொரு சிக்கலில் இருப்பார்கள். பிள்ளைக்குப் பருவமடையும் வயது நெருங்கியவர்களுக்கு மருத்துவர், சட்டம், நேரம் மூன்றும் ஒன்றாக நெருக்கும். தாய் ஏற்றுக்கொண்டு தந்தை ஏற்காத வீடு உண்டு. இருவரும் ஏற்று, தாத்தா பாட்டியிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் வீடும் உண்டு. பலருக்கு அன்றைக்கு வேண்டியது உரிமை முழக்கம் அல்ல, நாளை காலை பள்ளி முதல்வரிடம் எந்த வார்த்தையில் பேச்சை ஆரம்பிப்பது என்பதுதான். இதைக் கேட்டு உள்வாங்காமல் மேடை ஏறும் நடிகர், கைதட்டலுக்கு ஏற்ற வாக்கியங்களைப் பேசிவிட்டு இறங்குவார். அதனால் எந்த வீட்டுக்கும் பயன் இருக்காது.

இந்த வேலையில் பெற்றோருக்கு நெடிய வரலாறு இருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஜீன் மான்ஃபோர்ட் என்ற பள்ளி ஆசிரியை 1972இல் தன்பாலீர்ப்பு கொண்ட தன் மகனோடு நியூயார்க் பேரணியில் கையால் எழுதிய பலகை ஏந்தி நடந்தார். அடுத்த ஆண்டு ஒரு தேவாலயத்தில் சுமார் 20 பேரோடு நடந்த கூட்டம்தான் பின்னாளில் பிஃப்ளாக் என்ற பெற்றோர் அமைப்பானது. பிரிட்டனில் மெர்மெய்ட்ஸ் அமைப்பு 1995இல் திருநர் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கியது. நீங்கள் வருவதற்கு வெகுநாள் முன்பே ஆட்கள் களத்தில் இருந்திருக்கிறார்கள். புதிதாக உங்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கும் ஆசை வந்தால், முதலில் இருக்கிற அமைப்பில் இரண்டு ஆண்டு வேலை செய்யுங்கள்.

நீங்களே பெற்றோராக இருந்தால்

சொந்தப் பிள்ளை திருநர் என்றால் பேசும் உரிமை தானாக வந்துவிட்டது என்று தோன்றும். பாதி உண்மை. உங்கள் பயம், உங்கள் குழப்பம், நீங்கள் கற்றது ஆகியவை உங்களுடைய கதை. பிள்ளை எப்போது, யாரிடம், எப்படிச் சொன்னார் என்பதும், பிள்ளையின் உடல், மருந்து, பழைய பெயர் ஆகியவையும் பிள்ளையின் கதை. இந்தக் கோட்டைத் தாளில் எழுதியே பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் 'என்னுடையது', வலப்பக்கம் 'பிள்ளையுடையது'. ஒரு பேட்டிக்கு முன் வலப்பக்கத்தில் இருக்கும் எதையாவது சொல்ல நினைத்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

இடப்பக்கமே போதுமான அளவு வலுவானது. 2009இல் மகன் சாஸ் போனோ தன்னைத் திருநம்பி என்று அறிவித்தபோது தனக்கு அது எளிதாக இருக்கவில்லை என்பதைப் பாடகியும் நடிகையுமான ஷெர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தடுமாறிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு, எல்லாம் தெரிந்தவர் போலப் பேசும் நடிகரைவிட இப்படிச் சொல்லும் நடிகர்தான் நெருக்கமாகத் தெரிவார். நடிகை ஜேமி லீ கர்டிஸ் 2021இல் திருநங்கையான தன் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது மகள் வயதுவந்தவர், விரைவில் தானே தாயோடு அமர்ந்து பேட்டியும் கொடுத்தார். பிள்ளை வளர்ந்தவர் என்றால் இதுதான் சிறந்த வழி. சிறு பிள்ளை என்றால் அப்படி ஒரு பேட்டிக்கு அவசரமே இல்லை.

பிள்ளை இல்லாமல், ஒரு திருநர் பாத்திரத்தில் நடித்த அனுபவத்தால் இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. உங்களிடம் வரும் முதல் கேள்வியே 'அந்த வாய்ப்பை ஒரு திருநர் நடிகருக்குக் கொடுத்திருக்கலாமே' என்பதாக இருக்கும். 'தி டேனிஷ் கேர்ள்' படத்தில் திருநங்கையாக நடித்த எடி ரெட்மெய்ன் 2021இல், இன்றைக்கு என்றால் அப்படிப்பட்ட பாத்திரத்தை ஏற்கமாட்டேன், அன்று ஏற்றது தவறு என்று நேராகவே சொன்னார். நேரான பதில் போதும், சுற்றி வளைக்காதீர்கள். நடித்ததால் அந்த வாழ்க்கை எனக்குத் தெரியும் என்று மட்டும் எந்த மேடையிலும் சொல்லிவிடாதீர்கள்.

சம்மதம் வாங்கும் முறை

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சேதம் இங்கேதான் நடக்கிறது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் (1989) 12ஆம் பிரிவு தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும், 16ஆம் பிரிவு தனியுரிமையையும் பிள்ளைகளுக்குத் தருகிறது. பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது என்பது இதிலிருந்தே தெளிவு.

ஒரே நாளில் கேட்டு முடிக்காதீர்கள். முதல் நாள் விளக்குங்கள்: எங்கே வரும், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும், அழிக்க முடியுமா. சில நாள் கழித்து நீங்கள் இல்லாமல், பிள்ளை நம்பும் வேறொரு பெரியவர் கேட்கட்டும். பிரபலமான ஒருவரின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் பிள்ளைகள் மிகக் குறைவு. ஆசையால் தலையாட்டுவார்கள், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது முறை, வெளியிடுவதற்கு முந்தைய நாள், முடிந்த வடிவத்தைக் காட்டிக் கேளுங்கள். அப்போது வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்கக் கூடாது, செலவைச் சொல்லிக் காட்டக் கூடாது. இதைத் தயாரிப்பு நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாகவே எழுதி வாங்குங்கள்: 'வெளியீட்டுக்கு முந்தைய எந்த நேரத்திலும் குடும்பம் விலகலாம், காட்சி நீக்கப்படும்.' இதற்கு ஒத்துக்கொள்ளாத நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள்.

18 வயது ஆகாத பிள்ளையின் முகமும் உண்மைப் பெயரும் வெளியே வர வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. பள்ளிச் சீருடை, பை, சைக்கிள், வளர்ப்பு நாய், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், அம்மாவின் குரல் ஆகிய ஒவ்வொன்றும் அடையாளம்தான். மங்கலாக்கிய படத்திலும் உடன் நிற்கும் அண்ணனின் முகம் தெளிவாக இருந்தால் மறைத்ததே வீண். படக்கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும், பதிவேற்றும் முன் அதை நீக்க வேண்டும். வயதைத் துல்லியமாகச் சொல்லாமல் 'பத்து வயதை ஒட்டிய' என்று சொல்லலாம். ஊரும் பள்ளியும் வயதும் ஒரே பேட்டியில் சேர்ந்து வந்தால் யாராலும் கண்டுபிடித்துவிட முடியும்.

பழைய பெயர், 'முன்பு, பின்பு' என்று பக்கத்துப் பக்கம் வைக்கும் படங்கள் இரண்டையும் எவ்வளவு கேட்டாலும் கொடுக்காதீர்கள். தொலைக்காட்சிக்காரர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

மருத்துவத்தில் எவ்வளவு தெரிந்தால் போதும்

நீங்கள் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. தப்பாகச் சொல்லாமல் இருக்கும் அளவுக்குத் தெரிய வேண்டும்.

பருவமடைவதற்கு முன் மருந்தும் இல்லை, அறுவைச் சிகிச்சையும் இல்லை. அந்த வயதில் நடப்பது பெயர், உடை, முடி, அழைக்கும் விதம் இவற்றில் மாற்றம் மட்டுமே. அதைத் திரும்ப மாற்றிக்கொள்ளவும் முடியும். பருவமடைதல் தொடங்கிய பிறகுதான் சில பிள்ளைகளுக்கு, மதிப்பீட்டுக்குப் பின், பருவ மாற்றத்தைத் தள்ளிவைக்கும் மருந்து பற்றிய பேச்சே வரும். அதை எடுத்துக்கொள்பவர்களுக்கு எலும்பின் அடர்த்தியைக் கண்காணிக்க வேண்டும். ஹார்மோன் அதற்குப் பிந்தைய கட்டம். 'எந்தப் பக்க விளைவும் இல்லை' என்று ஒரு நடிகர் சொன்னால், எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு வாக்கியமே ஆண்டுமுழுதும் போதும். 'ஒவ்வொரு கட்டத்திலும் நன்மையையும் ஆபத்தையும் மருத்துவரும் குடும்பமும் பிள்ளையும் சேர்ந்து எடைபோடுகிறார்கள்' என்பதே சரியான வாக்கியம். அதைத் தாண்டிக் கேட்டால் மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்லி நிறுத்துங்கள்.

பொம்மையோடு விளையாடும் எல்லாப் பையன்களும், மரம் ஏறும் எல்லாப் பெண்களும் திருநர் அல்ல. இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மருத்துவர்கள் பார்ப்பது விளையாட்டை மட்டும் அல்ல, 'நான் இன்னார்' என்று பிள்ளை நீண்ட காலம் மாறாமல் சொல்வதையும், அதனால் வரும் துயரத்தையும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு குறைந்தது ஆறு மாதம் என்று வரையறுக்கிறது. 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு 'பாலின அடையாளக் கோளாறு' என்ற பழைய பெயரைக் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில், இது மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டது. 'இது மனநோயா' என்ற கேள்விக்கு இந்த ஒரு செய்தி போதும்.

உலகம் முழுக்க ஒரே நிலை இல்லை. இங்கிலாந்துக்காக டாக்டர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, பருவம் தள்ளிவைக்கும் மருந்துக்கான ஆதாரங்கள் பலவீனமாக உள்ளன என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, பிள்ளையின் பாலின அடையாளத்தை ஏற்று ஆதரவுச் சிகிச்சை தர வேண்டும் என்ற தன் 2018 நிலைப்பாட்டை 2023இல் மறுபடி உறுதிசெய்து, கூடவே ஆதாரங்களை மறுஆய்வு செய்யவும் முடிவெடுத்தது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறார்களுக்குப் பருவம் தள்ளிவைக்கும் மருந்தையும் ஹார்மோனையும் தடுக்கும் டென்னஸி மாநிலச் சட்டம் செல்லும் என்றது. மறுபக்கம் அர்ஜென்டினாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் மால்டாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் சிறார்களின் ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் திருத்த வழி தருகின்றன. ஆகவே பேசப்போகும் நாட்டின் சட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துவிட்டுப் பேசுங்கள். போன ஆண்டுக் குறிப்பை நம்பி மேடை ஏறாதீர்கள்.

எண்களைச் சொல்லும்போது

மூன்று ஆய்வுகளைச் சரியாகத் தெரிந்துகொண்டால் போதும். 2016இல் உளவியலாளர் கிறிஸ்டினா ஓல்சனின் குழு, வீட்டாரின் ஆதரவோடு தங்கள் அடையாளத்தில் வாழும் 3 முதல் 12 வயது வரையிலான 73 திருநர் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, மனச்சோர்வு மற்றப் பிள்ளைகளின் அளவிலேயே இருந்ததையும் பதற்றம் சற்றே கூடுதலாக இருந்ததையும் காட்டியது. அதே குழு 2022இல் 317 பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது: சராசரியாக ஐந்து ஆண்டுக்குப் பிறகும் 94 விழுக்காட்டினர் திருநர் சிறுவராகவோ சிறுமியராகவோதான் வாழ்ந்தார்கள். 2018இல் வந்த மூன்றாவது ஆய்வில் 129 திருநர் இளைஞர்கள். வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்ற நான்கு இடங்களில், தாங்கள் தேர்ந்த பெயரால் அழைக்கப்படும் இடம் ஒன்று கூடும்போது தற்கொலை எண்ணம் 29 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது.

இந்த எண்களை அவற்றின் அளவோடு சொல்லுங்கள். 129 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டன என்றால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. 'ஆய்வுகள் நிரூபித்துவிட்டன' என்பதற்குப் பதில் 'ஆய்வுகளில் தெரிகிறது' என்று சொன்னால் பேச்சின் வலு குறையாது, பொய் என்று பிடிக்கவும் முடியாது.

தற்கொலையைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. 'ஏற்காவிட்டால் பிணமாகத்தான் பார்ப்பீர்கள்' என்ற வகை வாக்கியம் மேடையில் அதிர்வை உண்டாக்கும், நடிகர்களுக்கு அது பிடித்தும்போகும். அதைச் சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் திருநர் பிள்ளைகளும் இருப்பார்கள், வீட்டார் ஏற்காவிட்டால் தங்கள் முடிவு இதுதான் என்று அவர்கள் காதில் விழும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரையிலும் மேடையிலும் வேலை செய்பவர்களுக்கென்றே தற்கொலைத் தடுப்பு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஒற்றைக் காரணம் சொல்லக் கூடாது, முறையை விவரிக்கக் கூடாது, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்பவை அடிப்படை.

தமிழில் பேசும்போது

ஆங்கிலக் குறிப்பை மனப்பாடம் செய்து தமிழில் பேசுபவர்கள் தடுக்கி விழுவது வினைமுற்றில்தான். வந்தான், வந்தாள் என்று ஒவ்வொரு வாக்கியமும் முடியும் இடத்தில் பால் வந்து நிற்கும். எந்த முடிவு வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டு, அதில் வாய் பழகும்வரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அடையாளத்தை மறைக்க வேண்டியிருந்தால் 'அவர்', 'பிள்ளை', 'எங்கள் வீட்டுச் செல்லம்' என்று போகலாம். ஆனால் 'அது' வேண்டாம். கைக்குழந்தையை 'அது சிரிக்கிறது' என்று கொஞ்சுவது நம் வழக்கம்தான். திருநர்களையோ இழிவாகச் சுட்டவே அந்தச் சொல் நீண்ட நாள் பயன்பட்டுவிட்டது. அதே காதில் அது கொஞ்சலாகக் கேட்காது.

'பெண்ணாக மாறிவிட்டான்' என்பதற்குப் பதில் 'பிறந்தபோது ஆண் என்று பதிவானவர், பெண்ணாக வாழ்கிறார்' என்று சொல்லுங்கள். 'பெண்ணாக ஆசைப்படுகிறான்' என்பது அடையாளத்தை ஆசையாகச் சுருக்கிவிடுகிறது. 'சாதாரணக் குழந்தைகள்' என்று மற்றவர்களைச் சொன்னால் இவர்கள் என்ன ஆகிறார்கள்? 'பாவம்' என்ற சொல்லை அடியோடு விடுங்கள். இரக்கப்படுவதற்காக யாரும் உங்களை அழைக்கவில்லை. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் பெரியவர்களுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. சிறு பிள்ளைகளுக்குத் 'திருநர் சிறுமி', 'திருநர் சிறுவன்' என்பது இயல்பு. பல இடங்களில் 'சிறுமி', 'சிறுவன்' என்பதே போதும். எல்லாத் திருநரும் 'மூன்றாம் பாலினம்' என்ற பெயரை ஏற்பதில்லை, பலர் தங்களை ஆண் என்றோ பெண் என்றோதான் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட, இவர்களைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்களின் பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுங்கள், ஊடகங்களிடம் காட்டவும் உதவும்.

வாய் தவறி மாற்றிச் சொல்லிவிட்டால் உடனே திருத்திவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள். ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால் கவனம் முழுக்க உங்கள்மேல் திரும்பிவிடும்.

பேட்டியும் மேடையும்

நடிகருக்கு இங்கே பெரிய பலம் இருக்கிறது. மூச்சு, இடைவெளி, மனப்பாடம், கேமராவின் பயம் இன்மை. பலவீனமும் அங்கிருந்தே வருகிறது. மௌனத்தைக் கண்டால் நிரப்பத் தோன்றும். உணர்ச்சியை ஒரு படி ஏற்றத் தோன்றும். கண்ணீர் வந்தால் மறுநாள் தலைப்பு உங்கள் கண்ணீர்தான், பெற்றோர் கேட்டது கீழே போய்விடும். குரலை அன்றாடப் பேச்சின் அளவுக்கு இறக்குங்கள். தாயின் வலியை நடித்துக் காட்டாதீர்கள், தாய் பக்கத்தில் இருந்தால் ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

மூன்று வாக்கியங்களைத் தயார் செய்யுங்கள். யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள், என்ன உதவுகிறது, கேட்பவர் என்ன செய்ய வேண்டும். உதாரணம்: 'திருநர் பிள்ளைகள் எல்லா வகைக் குடும்பத்திலும் பிறக்கிறார்கள். வீட்டாரும் பள்ளியும் ஏற்றுக்கொண்டால் நன்றாக வளர்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் பெயரைத் திருத்தும் வழியை எளிதாக்குங்கள்.' மூன்றாவது வாக்கியத்தில் ஒரே ஒரு கோரிக்கை இருக்கட்டும். ஐந்து கோரிக்கை வைத்தால் ஒன்றும் செய்தியில் வராது.

கடினமான கேள்விகளுக்கு நண்பர் ஒருவரை எதிரியாக உட்காரவைத்து, ஒவ்வொரு பேட்டிக்கு முன்னும் இருபது நிமிடம் ஒத்திகை பாருங்கள். 'நாலு வயதில் என்ன தெரியும்?' என்றால், தான் பையனா பெண்ணா என்பது அந்த வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், அப்போது யாரும் மருந்து கொடுப்பதில்லை, காது கொடுக்கத்தான் சொல்கிறோம் என்பது பதில். 'பின்னால் மனம் மாறினால்?' என்றால், சிலருக்கு மாறும், அப்போதும் அதே பெற்றோர் அதே அன்போடு கூட இருப்பார்கள் என்று சொல்லுங்கள். மாறியவர்களே இல்லை என்று மட்டும் சாதிக்காதீர்கள். 'சிகிச்சை கொடுத்து மாற்ற முடியாதா?' என்பதற்கு, அப்படி மாற்றுவதாகச் சொல்லும் முயற்சிகள் துன்பம் தருகின்றன, ஐ.நா.வின் தனி நிபுணர் 2020இல் அவற்றை உலகெங்கும் தடைசெய்யக் கோரினார் என்ற செய்தி இருக்கிறது. பிள்ளையின் உடலைப் பற்றிய கேள்விக்கு ஒரே பதில்தான்: 'எந்தக் குழந்தையின் உடலைப் பற்றியும் பொதுவில் பேசமாட்டேன்.' மறுபடி கேட்டால் அதே சொற்களை அதே குரலில் சொல்லுங்கள். புதிதாக ஒரு சொல் சேர்த்தாலும் வெட்டி ஒட்ட வசதியாகிவிடும்.

'இரு தரப்பு' விவாதம் என்று கூப்பிட்டு, எதிரெதிரே ஒரு திருநர் பிள்ளையின் தாயையும் அந்தப் பிள்ளையின் இருப்பையே மறுப்பவரையும் உட்காரவைக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போகாதீர்கள். கொள்கை பற்றிய விவாதம் என்றால் போகலாம், குடும்பம் இல்லாமல்.

சட்டமன்றக் குழுக்களிலும் பொது விசாரணைகளிலும் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். இரண்டு நிமிடத்துக்குத் தமிழில் 180 முதல் 200 சொற்கள் வரை எழுதுங்கள், அதற்கு மேல் போனால் முக்கியமான கடைசி வரி மணியடிப்பில் அடிபடும். முதல் வரியில் மசோதாவின் பெயரும் பிரிவு எண்ணும், கடைசி வரியில் என்ன செய்ய வேண்டும் என்பதும் வரட்டும். நீங்கள் முதலில் பேசாதீர்கள். நீங்கள் பேசி முடித்ததும் கேமராக்கள் கிளம்பிவிடும், பின்னால் பேசும் பெற்றோர் காலி அறையில் பேசுவார்கள். கடைசி ஆளாகப் பேசுங்கள், அதுவரை எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். இந்தச் சின்ன வரிசை மாற்றம் எந்தப் பேச்சையும்விட அதிகம் உதவும்.

பணம்: உங்களோடு மேடையேறும் திருநர் பேச்சாளர்களுக்கும் பெற்றோருக்கும் பயணச் செலவும் சன்மானமும் அன்றைக்கே கிடைக்கச் செய்யுங்கள். உங்களுக்கு வரும் தொகையைக் குடும்பங்களின் சட்டச் செலவுக்கும் மனநல ஆலோசனைக்கும் திருப்பிவிடலாம். படம் வெளியாகும் மாதத்தில் புதிய பிரசாரம் தொடங்காதீர்கள், விளம்பரம் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே வழிவிட்டது ஆகும்.

எதிர்ப்பு வரும்போது

முதல் 48 மணி நேரம்தான் கடுமை. அதற்கான ஏற்பாடு பதிவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் மட்டுமல்ல, குடும்பத்தின் பக்கத்திலும். பெற்றோரின் சமூக வலைதளக் கணக்குகள் பூட்டப்பட்டிருக்கின்றனவா, பழைய பதிவுகளில் பிள்ளையின் படங்கள் கிடக்கின்றனவா, பள்ளியில் ஒரு பொறுப்பான ஆசிரியருக்காவது தகவல் தெரியுமா என்று முந்தைய வாரமே பாருங்கள். கருத்துகளைப் படிக்க இருவரை மாற்றி மாற்றி அமர்த்துங்கள், ஒரே ஆள் முழுநாளும் படித்தால் நொந்துபோவார். மிரட்டல்களை அழிக்கும் முன் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். வசைக்கு நீங்கள் பதில் எழுதாதீர்கள். பல லட்சம் பேர் பின்தொடரும் கணக்கிலிருந்து போகும் பதில், காணாமல் போயிருக்க வேண்டிய ஒரு வசையை எல்லோருக்கும் காட்டிவிடும்.

உங்களுக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் நேரடியாக எழுதத் தொடங்குவார்கள். இரவு ஒரு மணிக்கு வரும் செய்திக்கு நீங்களே ஆலோசகராக மாறிவிடாதீர்கள். உங்களால் தொடர முடியாது, பாதியில் நின்றால் அந்த வீட்டுக்கு இரட்டை ஏமாற்றம். மூன்று தொடர்புகளை எப்போதும் கையில் வையுங்கள்: பெற்றோர் ஆதரவுக் குழு, திருநரைப் புரிந்த மனநல நிபுணர், நெருக்கடி உதவி எண். ஒரு சிறு பதில் போதும்: 'எழுதியதற்கு நன்றி. நீங்கள் தனியாக இல்லை. உங்கள் பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன். இந்தக் குழுவில் உங்களைப் போன்ற பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசுங்கள்.' உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் அவசர உதவிக்கு அழைத்து, ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று உறுதிசெய்யுங்கள். எழுதியவர் சிறுவர் என்றால் தனியாகப் பேச்சைத் தொடராதீர்கள். வீட்டில் தெரியாமல் எழுதியிருக்கக் கூடும் என்பதால் பெற்றோரையும் நீங்களாகத் தொடர்புகொள்ளாதீர்கள், பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.

பிள்ளை வளர்ந்து வந்து கேட்டால்

பத்து வயதில் சம்மதித்த ஒருவர் பதினெட்டு வயதில் வந்து 'அந்தக் காணொளியை எடுத்துவிடுங்கள்' என்று கேட்கலாம். தான் திருநர் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு புது ஊரில் படிக்க விரும்பலாம். அடையாளமே மாறியிருக்கலாம். அந்த நாளுக்காக முதல் நாளிலிருந்தே ஒரு பட்டியல் வையுங்கள்: எந்தப் படம், எந்தத் தேதி, எந்தத் தளம், யார் பதிவேற்றியது, யாரிடம் மூலக்கோப்பு. கேட்ட அன்றே உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள், மற்ற தளங்களுக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள், தேடுபொறியில் பழைய முடிவை நீக்கவும் விண்ணப்பியுங்கள். எங்கெல்லாம் நீக்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். நீக்கியதைப் பற்றிப் பதிவு போடாதீர்கள்.